ஞாயிற்றுக்கிழமை வசூல் எங்கே?

சிதம்பரநாதனின் துப்பறியும் அலுவலகம் மலாக்கா ஊரின் காஜா பேராங் வட்டாரத்தில் ஒரு மிளகாய் மில்லுக்கு மேல்மாடியில் இருந்தது. வருகிறவர்கள் எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டேதான் உள்ளே வருவார்கள். யார் நிஜமாக அழுகிறார்கள், யாருக்கு மிளகாய் நெடி என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் தனக்குச் சம்பளம் என்பது உதவியாளர் ருக்மணியின் நெடுநாள் கட்சி.

அந்தச் சனிக்கிழமை காலை வந்த மல்லிகா நிஜமாகவே அழுதிருந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நாளன்னிக்கு நகரசபை ஆபீஸ்ல விசாரணை சார். பணம் எங்கன்னு என் வீட்டுக்காரரு வாயத் தொறந்து சொல்லலன்னா, வேலையும் போயிடும், போலீஸ்லயும் எழுதிக் குடுத்துருவாங்களாம்.”

அவள் வீட்டுக்காரர் மருதமுத்து காஜா பேராங்கில் எல்லோருக்கும் முகம் தெரிந்தவன். பண்டார் ஹிலிர் படகு ஜெட்டியில் முக்குளிப்புக் கட்டணம் வாங்குகிற ஆள்.

முக்குளிப்புக் கட்டணம் என்பது சுதந்திரம் வந்த மறுவருஷம் நகரசபை கண்டுபிடித்த புது வருமானம். சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் சிலர் வந்து, முகத்தில் கண்ணாடியும் வாயில் ரப்பர் குழாயுமாக எதிரே தெரியும் சின்னத் தீவைச் சுற்றித் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு மிதந்தார்கள். பணக்காரர்கள் முதுகில் காற்றுத் தொட்டியைக் கட்டிக்கொண்டு அடிவரைக்கும் போனார்கள். குழாய்க்கு ஒரு வெள்ளி, தொட்டிக்கு மூன்று வெள்ளி. கட்டியவர் மணிக்கட்டில் ஒரு பித்தளை வில்லையைக் கட்டி அனுப்புவார்கள். கரையேறியதும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், ஆள் பிழைத்து வந்ததற்கு அதுதான் அத்தாட்சி. மலாக்காக்காரர்களுக்கு இலவசம். ஆனால் இலவசமாகக் கொடுத்தாலும் கடலுக்குள் தலையை விடுகிற பைத்தியம் மலாக்காவில் யாருக்கும் பிடித்திருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நடுமத்தியானம் மருதமுத்து கட்டணக் கொட்டகையை இழுத்துப் பூட்டிவிட்டான். வரிசையில் நின்றவர்களைத் துரத்திவிட்டான். மறுநாள் நகரசபையில் வசூல் பெட்டியைத் திறந்தபோது அதில் தகரம் மட்டும் இருந்தது.

“என் சங்கிலிய வித்துக் கட்டிடறேன்னு போய் நின்னேன் சார். கட்டினாலும் எங்க போச்சுன்னு சொல்லணுமாம். அவங்க குடும்பமே ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவின குடும்பம். அதுல மொத கவர்மெண்டு வேல இவருக்குத்தான். இப்ப பாசார்ல மீன்காரிகூட என் மொகத்தப் பாக்காம சில்லறையத் தர்றா.”

“குடி, சூதாட்டம் ஏதாவது?” என்றார் சிதம்பரநாதன்.

“கிடையாது சார்.”

“வேற வீடு?” என்றாள் ருக்மணி.

“இருக்கற வீட்டுக்குள்ளயே வரமாட்டேங்கறாருக்கா.”

சிதம்பரநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். மல்லிகா மெல்ல மெல்லச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவன் பின்பக்கத்துச் சைக்கிள் கொட்டாயில் படுக்கிறான். சோற்றை இலையில் வெளியே கேட்டு வாங்கிக்கொள்கிறான். பிள்ளைகளைத் தொட விடுவதில்லை. முகச்சவரம் இல்லை, தலைக்கு எண்ணெய் இல்லை. நேற்று வெள்ளிக்கிழமை என்று கோயிலுக்குக் கூப்பிட்டதற்கு, நான் வரக்கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறான்.

“அவரு திருடலன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க சார். அது போதும் எனக்கு,” என்று சொல்லிவிட்டு மல்லிகா எழுந்து போனாள்.

படிக்கட்டில் அவள் காலடி ஓய்ந்ததும் ருக்மணி சொன்னாள். “சார், இது திருடன் பண்ற வேல இல்ல. காச அடிச்சவன்தான் மொத ஆளா கோயிலுக்குப் போயி சூடம் கொளுத்துவான்.”

“பின்ன என்ன வேலை இது?”

“எழவு வீட்டுக்காரன் வேல. மனுஷன் தீட்டு காக்கறாரு. ஆனா அந்த வீட்டுல இப்ப யாரும் சாகல.”

“அப்போ யார் செத்தாங்கன்னு பார்ப்போம், வாங்க,” என்று சிதம்பரநாதன் கார்ச் சாவியை எடுத்தார். அவருடைய மோரிஸ் கார் தள்ளினால்தான் கிளம்பும். அந்தக் கலையில் ருக்மணிக்கு நல்ல தேர்ச்சி.

ஜெட்டியில் கட்டணக் கொட்டகை பூட்டியே கிடந்தது. பக்கத்தில் முகக்கண்ணாடிகளும் ரப்பர் குழாய்களும் வாடகைக்கு விட்டுப் படகும் ஓட்டுகிற பொன்னுதுரை ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கையில் புதுக் கடிகாரம் மின்னியது.

“கடிகாரம் புதுசு போல,” என்றார் சிதம்பரநாதன்.

“ஓம், புதுசுதான். உழைச்சு வாங்கினது. நேரம் கேக்கவோ வந்தனீங்கள்?”

“கட்டணம் வாங்கற மருதமுத்துவைப் பத்திக் கேக்க வந்தோம். இங்க வியாபாரம் எப்படி?”

“இந்த வருசத் துவக்கத்தில ஈ ஓட்டினது. கொட்டிலை மூடப்போறம் எண்டு நகரசபைக்காரங்கள் சொல்லிப்போட்டாங்கள். பிறகு பானையள் வந்து எல்லாரையும் காப்பாத்திச்சுது.”

“என்ன பானை?”

“போர்த்துக்கீசன் காலத்துப் பானை. தீவுக்கு அந்தப் பக்கம் மணல்திட்டில கிடக்குது. பாசி பிடிச்ச சின்னப் பானை. ஒரு வெள்ளைக்காரத் துரை ஒண்டை எடுத்தான், அவன் போய்ச் சிங்கப்பூர் முழுக்கச் சொன்னான். இப்ப எல்லாரும் மீன் பார்க்கவே வாறாங்கள்? பானை பொறுக்க வாறாங்கள்.”

சிதம்பரநாதன் ருக்மணியைப் பார்த்தார். ருக்மணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“பானையே வராத கடல்ல திடீர்னு பானை,” என்றார் சிதம்பரநாதன் நிதானமாக. “படகு உங்களுது. வாடகையும் உங்களுக்கு. குயவன்கிட்ட வாங்கிப் பாசி பிடிக்க விட்டுக் கொண்டுபோய்ப் போட்டது யாரு பொன்னுதுரை? மருதமுத்து அதைக் கண்டுபிடிச்சிட்டாரா? அந்தப் பெட்டிப் பணம் இப்ப உங்க மணிக்கட்டுல ஓடுதா?”

பொன்னுதுரை கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். அவர் படவில்லை.

“என்னைக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டு நீங்கள் போயிடுவியள். நான் இஞ்சதான் இருக்கோணும். நான் கண்ணால கண்டதைச் சொல்லுறன். அண்டைக்கு ஒரு துரை கையில பானையோட கரைக்கு வந்தான். மருதமுத்து வில்லையை வாங்கக் கையை நீட்டினவன், பானையைப் பார்த்தான். நீட்டின கை நீட்டினபடி நிண்டுது. பிறகு போய்ப் பெட்டியைத் திறந்து, உள்ள காசு முழுக்க ரெண்டு கையாலையும் அள்ளிக் கொண்டுவந்து துரையிட்டக் குடுத்தான். பானையை வாங்கினான். இவ்வளவுதான் கதை.”

“இதை ஏன் நகரசபையில சொல்லல?”

“அவன் அழுதவன்,” என்றார் பொன்னுதுரை. “ஒரு ஆம்பிள நடுச்சந்தியில அழுததை நான் ஏன் ஊருக்குச் சொல்லோணும்?”

சிதம்பரநாதனுக்கு முகம் சிவந்துவிட்டது. தப்பான வாசலில் கல்லெறிந்த துப்பறிவாளர் என்ன செய்ய முடியும்? மன்னிப்புக் கேட்டார். பொன்னுதுரை துரையின் பெயரையும் தங்கியிருக்கும் இடத்தையும் சொன்னார். கூடவே, போகும்போது காரைத் தள்ளவும் கை கொடுத்தார். அந்த உதவிதான் சிதம்பரநாதனை அதிகமாகக் குத்தியது.

“நான்கூட அந்தக் கடிகாரத்த நம்பிட்டேன் சார்,” என்றாள் ருக்மணி காரில். அவள் அப்படிச் சமாதானம் சொல்வது அபூர்வம்.

வில்கின்ஸ் என்கிற அந்த எஞ்சினியரும் அவர் மனைவியும் ரெஸ்ட் ஹவுஸ் வராந்தாவில் இருந்தார்கள். கைப்பிடிச் சுவரின்மேல் மூன்று சின்னப் பானைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றில் அந்த அம்மாள் பூ வைத்திருந்தாள்.

“அந்த ஆள் பாவம், வேடிக்கையானவர்,” என்றார் வில்கின்ஸ் ஆங்கிலத்தில். “நான் எடுத்து வந்த பானையின் கழுத்தில் ஒரு கம்பி சுற்றியிருந்தது. அதை வெட்டி எறிய இடுக்கியை எடுத்தேன், கத்தியே விட்டார். விற்க எனக்கு எண்ணமே இல்லை. பணத்தை என் கையில் திணித்துவிட்டுப் பானையைப் பிடுங்கிக்கொண்டு போனார். இதோ, அந்தப் பணத்தைத் தொடக்கூட இல்லை.” கைக்குட்டையில் கட்டிய முடிச்சு ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“கம்பி எப்படி இருந்தது?”

வில்கின்ஸ் விரலால் காற்றில் வரைந்து காட்டினார். வளையம் ஒன்று, அதிலிருந்து வளைந்து வரும் ஒரு கொக்கி. மலாயாவில் ரப்பர் மரத்தைப் பார்த்த எவருக்கும் அது தெரியும். பால் வடிகிற மங்குக் கோப்பையை மரத்தில் மாட்டுகிற கம்பி.

“போர்த்துக்கீசியர் காலத்துல ரப்பர் தோட்டம் இருந்துச்சா சார்?” என்று தமிழில் கேட்டபடி ருக்மணி ஒரு பானையை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்துத் தட்டினாள். ஈரமான வண்டலோடு ஒரு காசு வந்து விழுந்தது. “இத பாருங்க. நல்ல முன்யோசனைக்காரங்க. நம்ம இங்கிலாந்து ராணி பொறக்கறதுக்கு நானூறு வருஷத்துக்கு முன்னாடியே அவங்க தலையப் போட்டுக் காசு அடிச்சு வச்சிருக்காங்க.”

சிதம்பரநாதன் சிரிக்கவில்லை. மற்ற இரண்டு பானைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ருக்மணி மறுபடி கையைப் பார்த்தாள். காசுக்குப் பக்கத்தில், வண்டலுக்கு நடுவே, வெள்ளையாக ஒரு துணுக்கு இருந்தது. சங்கு இல்லை, சிப்பியும் இல்லை. நீட்டிய கையை மூடவும் முடியாமல் உதறவும் முடியாமல் அவள் அப்படியே நின்றாள்.

“என்ன அது?” என்றாள் வில்கின்ஸின் மனைவி.

“நாங்கள் இறந்தவர்களை எரிக்கிறவர்கள், அம்மா,” என்றார் சிதம்பரநாதன் ஆங்கிலத்தில். “சாம்பலையும் எலும்பையும் புதுப் பானையில் போட்டு, ஒரு காசும் போட்டு, வாயைத் துணியால் கட்டிக் கடலில் விடுவோம். இந்த ஊர்த் தமிழர்கள் எல்லோரும் இதே கடலில்தான் விடுகிறோம்.”

அந்த அம்மாள் எழுந்து வந்து பூவை எடுத்தாள். எடுத்த பூவை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. வில்கின்ஸின் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது.

“எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நான் முறையாகக் கட்டணம் கட்டித்தான் போனேன். எங்கே போகவேண்டும் என்று கட்டணம் வாங்குகிறவரே சொன்னார்.”

“யார் சொன்னது?”

“அவர்தான். தீவுக்கு மறுபக்கம் போங்கள், மணல்திட்டில் பழங்காலத்துப் பானை நிச்சயம் கிடைக்கும் என்று எல்லோரிடமும் சொல்லி அனுப்புவார். நாங்கள் பானையோடு வந்தால் எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம்.”

“எந்த ஆள்?” என்றாள் ருக்மணி, தெரிந்துகொண்டே.

“அழுதாரே, அதே ஆள்.”

மூன்று பானைகளையும் மடியில் வைத்துக்கொண்டு ருக்மணி காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கைக்குட்டை முடிச்சு சிதம்பரநாதனின் சட்டைப்பையில் இருந்தது. பணம் அப்படியே கிடைத்துவிட்டது. வழக்கமாக இந்த இடத்தில் இருவரும் கோப்பிக்கடையில் நிறுத்தித் தோசை சாப்பிடுவார்கள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் புரியல சார். இத்தன வருஷமா நம்ம ஆளுங்க பானைய விடறாங்க. அது மொத்தமும் தீவுக்குப் பின்னால போயி ஒதுங்குதுன்னு ஒருத்தருக்குமா தெரியாது?”

“எப்படித் தெரியும்? படகுல நின்னு முதுகைக் காட்டிப் பானையைப் பின்னால போடறோம். போட்டவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, கூட வந்தவங்களும் பார்க்கக் கூடாது. அப்படியே கரைக்கு வந்து முழுகிட்டு வீட்டுக்குப் போறோம். அது முழுகுச்சா மிதந்துச்சான்னு இந்த ஊர்ல ஒருத்தரும் பார்த்ததில்ல. மருதமுத்துவும் பார்த்ததில்ல. பாசி பிடிச்சதும் அவருக்கே அது போர்த்துக்கீசியன் பானையாத் தெரிஞ்சிருக்கு.”

கார் கோப்பிக்கடையில் நிற்காமல் நேராகக் காஜா பேராங் போய்ச் சேர்ந்தது.

மல்லிகாவின் வீடு பலகை வீடு. பின்பக்கம் ஒரு ரம்புத்தான் மரம். மரத்தடியில் ஒரு வாரத்துத் தாடியோடு மருதமுத்து குந்தியிருந்தான். அவன் தலைக்கு மேலே, கைக்கு எட்டும் கிளையில், இலைக்கொத்துக்குள் மறைவாக, மங்குக் கம்பியின் கொக்கியால் மாட்டி ஒரு பானை தொங்கியது. கரைக்கிறவரைக்கும் சாம்பல் பானையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது, வெளியே மரத்தில்தான் கட்டவேண்டும். அவன் கிரமம் தவறாமல்தான் செய்திருந்தான்.

சிதம்பரநாதன் அவன் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார். கைக்குட்டை முடிச்சை எடுத்து வைத்தார்.

“துரை திருப்பிக் குடுத்துட்டார். ஒரு காசு குறையல. உங்க அம்மாவா அது?”

மருதமுத்து முடிச்சைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தான். தெரிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

“போன வருஷம் சார். துணிய மேல கட்றதுக்கு நூலு கிடைக்கல. அம்மா சீவின மரத்துலேருந்து நான்தான் கம்பியக் கழட்டியாந்து கட்டினேன்.” நிறுத்தினான். “கொட்டாய மூடப்போறாங்கன்னு சொன்னாங்க சார். மூடினா வேல போயிடும். பானை இருக்குன்னு சொன்னா ஆளுங்க வந்தாங்க. நல்லா வந்தாங்க. நகரசபைப் பெரிய துவானே என்னயக் கூப்டு கை குடுத்தாரு. வீட்டுல வந்து பெருமையாச் சொன்னேன். எங்கம்மாவ வெளிய எடுக்கறதுக்கு நானே காசு வாங்கிட்டு, நானே கையில வில்லயக் கட்டி அனுப்பியிருக்கேன் சார்.”

“தெரியாமத்தானே செஞ்சீங்க,” என்றாள் ருக்மணி.

“எங்கம்மாவ எடுக்க ஆள தெரியாமத்தான் அனுப்பினேன். அதாச்சும் எனக்கும் எங்கம்மாவுக்கும் உள்ளது. மத்தவங்க பானையெல்லாம்? எத்தன பேரு எடுத்துட்டுப் போயிட்டாங்க. சிங்கப்பூருல யாரு வீட்டு மேசையில யாரு அப்பன் இருக்கானோ. அந்த வீட்டு ஆளுங்க தெனமும் என்கிட்ட ‘என்னா முத்து, சாப்டியா’ன்னு கேட்டுட்டுப் போறாங்க.” அவன் குரல் இறங்கியது. “திருடினேன்னே எழுதிக் குடுத்துருங்க சார். பணம் கெடச்சிருச்சு, திருடிட்டுப் பயந்து திருப்பிக் குடுத்துட்டான்னு சொல்லிருங்க. திருடன்னா ஊரு ஏசும். ஏசிட்டு விட்டுரும். அதத் தாங்கிக்குவேன். இது தெரிஞ்சா நான் இந்த ஊர்ல எந்தத் தெருவுல நடப்பேன்?”

“அப்ப நான் எந்தத் தெருவுல நடக்கறது?”

மல்லிகா பின்வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று யாரும் கவனிக்கவில்லை. இறங்கி வந்தாள். கிளையில் தொங்கிய பானையை இப்போதுதான் பார்த்தாள். அந்தக் கம்பியை அவளுக்கும் தெரியும். தலைமேல் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாமியாரோடு அவளுக்கு ஒத்துப்போனதே இல்லை என்று காஜா பேராங் முழுக்கத் தெரியும். இப்போது அவள் பார்த்த பார்வையில் அந்தச் சண்டை ஒன்றும் மிச்சமில்லை.

“ஒரு வாரமா ‘ஏங்க, எங்க போச்சு’ன்னு நாய் மாதிரி உங்கள வளஞ்சு வளஞ்சு கேட்டேன். அத்தைய இந்த மரத்துல தொங்க வச்சுட்டு, நான் கொண்டாந்த சோத்தத் தின்னீங்க. என்கிட்டகூடவா சொல்ல முடியல?”

“முடியல,” என்றான் அவன்.

“திருடன்னு எழுத விடமாட்டேன். நம்ம புள்ளைங்க அந்தப் பேர வச்சுக்கிட்டு இருக்க முடியாது. உள்ளதத்தான் திங்கக்கெழம சொல்லணும். அதுக்கு முந்தி சம்பந்தப்பட்டவங்களுக்குச் சொல்லணும், ஆபீஸ்காரன் சொல்லித் தெரியக்கூடாது. நீங்க சொல்லலன்னா நான் போறேன். வீடு வீடா போயி நிக்கறேன்.”

“யாரு வீட்டுலேருந்துக்கா ஆரம்பிப்பீங்க?” என்றாள் ருக்மணி.

மல்லிகா சிதம்பரநாதனைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சாரோட அம்மாவக் கரைக்கறப்ப இவரும்தான் படகுல வந்தாரு. போன மாசியில.”

ருக்மணிக்கு அப்போதுதான் உறைத்தது. ரெஸ்ட் ஹவுஸில் அவர் ஒவ்வொரு பானையின் கழுத்தையும் தடவிக்கொண்டு நின்றது துப்பறிவதற்காக இல்லை.

மருதமுத்து எழுந்தான். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். சிதம்பரநாதனும் எழுந்து நின்றார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

“சார்,” என்றான் மருதமுத்து. “உங்க அம்மா இருந்த எடத்துக்கும் நான்தான் ஆள அனுப்பினேன்.”

சொல்லிவிட்டான். சொன்னதும் அவன் தோள் இரண்டும் இறங்கின. திட்டுக்கோ அடிக்கோ காத்திருப்பவன் மாதிரி நின்றான். மிளகாய் மில் ஓடுகிற சத்தம் தெருவைத் தாண்டி இங்கேயும் கேட்டது.

“அந்த மூணு பானையும் என் கார்லதான் இருக்கு,” என்றார் சிதம்பரநாதன். “திருப்பித் திருப்பிப் பார்த்தேன் மருதமுத்து. நீங்க பார்த்த உடனே உங்க அம்மாவைக் கண்டுபிடிச்சீங்க. இதுல என் அம்மா இருக்காங்களான்னு எனக்குத் தெரியல. துணி கட்டினதும் காசு போட்டதும் எல்லாம் சடங்கு பண்ண வந்த பண்டாரம்தான். அன்னிக்கு என் கையில குடுத்தாங்க, வாங்கிப் பின்னால போட்டேன். பானை எப்படி இருக்குன்னு நான் பார்க்கவே இல்ல.”